தொலைபேசியில் சொல்லாத பதில்

நோர்வூட்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நாங்கள் சுகம். அப்பாவின் முழங்கால் வலி முன்னைக்கு இப்போது பரவாயில்லை, மாத்திரையைத்தான் மறந்துவிடுகிறார். மெல்பேர்னில் குளிர் தொடங்கிவிட்டது என்றாய். காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ.

போன ஞாயிற்றுக்கிழமை நீ ஒன்று கேட்டாய். "ஸ்கூல் பிள்ளைகள படகுல ஏத்துறீங்களாமே அம்மா. என்னைய மட்டும் ஏன் கரைப்பக்கமே விடல?" லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது. அந்தக் கேள்விக்கு அடுப்படியில் நின்றுகொண்டே பதில் சொல்ல எனக்கு முடியவில்லை.

உன் மாமா தண்ணீரில் போனார் என்பது உனக்குத் தெரியும். எப்படிப் போனார் என்று நான் சொன்னதே இல்லை. அம்மாயி இருந்தவரை வீட்டில் அந்தப் பேச்சை யாரும் எடுப்பதில்லை, அப்படியே பழகிவிட்டது.

தம்பிக்கு அப்போது 13 வயது, எனக்கு 16. பிரட்டு இல்லாத, தோட்ட வேலைக்குப் போகத் தேவையில்லாத ஞாயிறு. காசல்ரீ கரையில் அம்மாயி துணி துவைத்துக்கொண்டிருந்தார். அலசிய சேலைகளை நான் பிழிந்து புல்லில் விரித்துக்கொண்டிருந்தேன். தம்பி முழங்கால் தண்ணீரில் நின்றான். நம் காசல்ரீ ஊர்க் குளம் மாதிரி மெல்ல மெல்ல ஆழமாகிற இடமில்லை. கெஹெல்கமு ஓயாவை அணை கட்டி மறித்ததால் நிரம்பிய பள்ளத்தாக்கு அது. தண்ணீருக்கு அடியிலும் நம் கொழுந்து மலையின் அதே சரிவுதான். இரண்டு எட்டு வைத்தால் முழங்கால், மூன்றாவது எட்டில் தரை இல்லை. அவன் அந்த மூன்றாவது எட்டை வைத்தான்.

அவன் கத்தவில்லை, பாப்பா. கையைத் தூக்கி ஆட்டவுமில்லை. தலை கொஞ்சம் பின்னால் சாய்ந்து, வாய் தண்ணீர் மட்டத்தில் இருந்தது. இரண்டு கையையும் பக்கத்தில் விரித்துத் தண்ணீரை அழுத்திக்கொண்டிருந்தான். விளையாடுகிறான் என்று நினைத்து நான் அடுத்த சேலையை விரிக்கக் குனிந்தேன். மூழ்குகிற ஒருவரால் பெரும்பாலும் கத்த முடியாது என்று இந்த வருடம்தான் கற்றுக்கொண்டேன். மூச்சு இழுக்கவே அவகாசம் இல்லாத வாயில் குரல் எப்படி வரும்? அப்படித் தத்தளிக்கிற நேரமும் 20 விநாடியிலிருந்து ஒரு நிமிடம் வரைதான். நான் நிமிர்ந்தபோது தண்ணீர் அமைதியாக இருந்தது.

பக்கத்து லயத்து அண்ணன் ஒருவர் குதித்தார். அவருக்கும் சரியாக நீச்சல் தெரியாது. தம்பி அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டதில் அவரும் உள்ளே போய்த்தான் மீண்டு வந்தார். என் கையில் ஈரச் சேலை இருந்தது. ஐந்தரை மீட்டர் சேலை. தம்பி கரையிலிருந்து அவ்வளவு தூரத்தில்கூட இல்லை.

வெளியே எடுத்ததும் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கினார்கள், வயிற்றை அமுக்கினார்கள், தோளில் போட்டுக்கொண்டு ஓடினார்கள். தண்ணீரை வெளியே எடுத்தால் பிழைத்துக்கொள்வான் என்று எல்லாரும் நம்பினோம். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். தெரிந்ததைச் செய்தார்கள். ஆனால் அவனுக்குத் தேவைப்பட்டது மூச்சு. மல்லாக்கப் படுக்கவைத்து, தாடையை உயர்த்தி, முதலில் வாயோடு வாய் வைத்து ஊதியிருக்க வேண்டும். பிறகு நெஞ்சில் 30 அழுத்தம், இரண்டு ஊதல், நிறுத்தாமல் அதையே திரும்பத் திரும்ப. அழுத்தம் நிமிடத்துக்கு 100 முதல் 120 வரை இருக்க வேண்டும். இப்போது என் வகுப்புப் பிள்ளைகள் தலையணையை வைத்து இதைச் செய்து பழகுகிறார்கள். ஒருவர் அழுத்தும்போது இன்னொருவர் ஆம்புலன்ஸ் நம்பர் 1990-க்கு அழைக்கிற மாதிரி சத்தமாகத் தோட்டத்தின் பெயர், டிவிஷன், எந்த வளைவில் ஆம்புலன்ஸ் திரும்ப வேண்டும் என்று சொல்ல வேண்டும். நம் ரோட்டில் அந்தக் கடைசிச் செய்திதான் முக்கியம்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். நீ பிறந்ததும் ஜாதகம் கணித்தவர் தண்ணீரில் கண்டம் என்றார். எனக்கு அதற்குமேல் ஒன்றும் தேவைப்படவில்லை. ஒரு வரட்சியில் மவுசாகலை நீர்த்தேக்கத்தில் தண்ணீர் இறங்கி, மூழ்கிக் கிடந்த பழைய மஸ்கெலியாக் கோயில் வெளியே தெரிந்ததே, உன் வகுப்பே பார்க்கப் போனது. நான் கடிதத்தில் கையெழுத்துப் போடவில்லை. நீ அழுதுகொண்டே தூங்கிப்போனாய். அன்றைக்கு நான் உன்னைக் காப்பாற்றிவிட்டதாகவே நினைத்தேன்.

போன வருடக் கடைசியில் கொழும்பிலிருந்து நான்கு இளம் பிள்ளைகள் பாடசாலைக்கு வந்தார்கள். பேரே வாவியில் துடுப்புப் படகு வலிக்கிறவர்கள். அங்கே 1864-இலிருந்தே அதற்கென்று ஒரு கழகம் இருக்கிறது. தரம் 7, 8 பிள்ளைகளுக்குத் தண்ணீர்ப் பாதுகாப்பும் படகு வலிப்பதும் கற்றுத்தருகிறோம் என்றார்கள். முதலில் எழுந்து வேண்டாம் என்றது நான்தான். நீளமாகப் பேசினேன். கேட்டுவிட்டு அவர்களில் ஒரு பெண் பிள்ளை ஒன்றே ஒன்று கேட்டாள்: "நீங்க வேணாம்னு சொன்னா, இந்தப் பிள்ளைங்க தண்ணிக்குப் போகாம இருக்காங்களா டீச்சர்?"

போகிறார்கள் என்று எனக்குத் தெரியும். மீன் பிடிக்க, குளிக்க, வெயில் காலத்தில் தண்ணீர் இறங்கினால் குறுக்கு வழியாக நடக்க. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று சொல்லித்தான் அவர்களை வளர்க்கிறோம். ஆழத்தை எப்படித் தெரிந்துகொள்வது என்று யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. தம்பிக்கும் இல்லை, எனக்கும் இல்லை, உனக்கும் இல்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காலையில் போய், பொறுப்பை நானே எடுக்கிறேன் என்றேன்.

பெற்றோர் கூட்டத்தைக் கோயில் மண்டபத்தில் வைத்தோம். பெண் பிள்ளைகள் என்ன உடுப்பு போடுவார்கள், சளி பிடிக்காதா, கொழுந்துக்குப் போகிற நாளில் யார் கூட்டிப்போவது என்று நிறையக் கேள்விகள் வந்தன. ஓர் அம்மா, தன் மகனுக்குத் தண்ணீரில் கண்டம் என்றார். நான் தம்பியின் கதையை அங்கேதான் முதன்முதலாகப் பலர் முன்னால் சொன்னேன். அந்த அம்மா மகனை அனுப்புகிறார்.

முதல் மூன்று வாரம் படகே கிடையாது. கரையில்தான் பாடம். யாராவது தண்ணீரில் விழுந்தால் என்ன செய்வது என்பதைப் பிள்ளைகள் பாட்டு மாதிரி சொல்வார்கள்: எட்டிக் கொடு, எறிந்து கொடு, படகில் போ, குதிக்காதே. கம்பு, குடை, சேலை எதையாவது குப்புறப் படுத்துக்கொண்டு நீட்ட வேண்டும், நின்றுகொண்டு நீட்டினால் இழுபட்டு நாமும் விழுவோம். எட்டவில்லையென்றால் ஐந்து லீற்றர் கேனில் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு மூடியை இறுக்கி, கயிறு கட்டி எறிய வேண்டும். வெறும் கேன் காற்றில் திரும்பி வந்துவிடும், கொஞ்சம் பாரம் இருந்தால்தான் போய் விழும். இப்போது நம் லயத்துப் பைப்படியிலிருந்து கரைக்கு இறங்குகிற வழியில் அப்படி ஒரு கேன் தொங்குகிறது. பிள்ளைகளே கட்டியது.

அப்புறம் ஜாக்கெட். எல்லா ஜாக்கெட்டும் ஒன்றில்லையாம். 50 நியூட்டன் என்று போட்டிருப்பது நீச்சல் தெரிந்தவருக்கு மிதக்க உதவும், அவ்வளவுதான். நீந்தத் தெரியாத பிள்ளைக்குக் கழுத்துப்பட்டை வைத்த, 100 நியூட்டனுக்குக் குறையாத ஜாக்கெட் வேண்டும். அது முகத்தை மேலே திருப்பி வைக்கும்படி செய்தது. போட்டபின் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பார்க்க வேண்டும். காதுவரை ஏறினால் அது அந்தப் பிள்ளைக்குப் பெரிது. ஒவ்வொரு பிள்ளையையும் நானே தூக்கிப் பார்க்கிறேன். 18 பேர். வேறு யாரையும் நான் நம்புவதில்லை.

படகு ஏறினதும் பிள்ளைகளுக்கு முதல் அதிசயம், போகிற திசைக்கு முதுகு காட்டி உட்கார வேண்டும் என்பது. வலக்கைப் பக்கத் துடுப்பில் சிவப்பு ரிப்பன், இடக்கைப் பக்கத்தில் பச்சை. உட்காரும் பலகை சின்னச் சக்கரத்தில் முன்னும் பின்னும் ஓடும். கையால் இழுப்பது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பலமெல்லாம் காலிலிருந்து வருகிறது. காலால் உதைத்து, முதுகு சாய்ந்து, கடைசியில்தான் கை. மலை ஏறி இறங்குகிற நம் பிள்ளைகளின் காலைப் பார்த்துப் பயிற்சி கொடுக்க வந்தவர்களுக்கு ஒரே சந்தோஷம். படகில் பாதத்தை மாட்டுகிற சப்பாத்து பலகையோடு பொருத்தியிருக்கும், குதிகாலில் ஒரு குட்டைக் கயிறு. படகு கவிழ்ந்தால் பட்டையை ஒரே இழுப்பாக இழுக்கவேண்டும், கால் கழன்றுவிடும். படகை வலிக்கும் முன் அந்தக் கயிறு சரியாக இருக்கிறதா என்று பார்க்காமல் கரையை விடுவதில்லை. படகின் கூர் முனையில் வெள்ளை ரப்பர் பந்து ஒன்று இருக்கும். எதற்கு என்று ஒரு பையன் கேட்டான். தெரியாமல் யார் மேலாவது மோதினால் முனை குத்திக் கிழிக்காமல் இருக்கத்தான் என்றதும், அன்று முழுக்க அந்தப் பந்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான்.

கவிழ்ந்தால் கரைக்கு நீந்தக்கூடாது. படகு மிதக்கும், அதைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். குளிர்ந்த தண்ணீர் திடீரென்று பட்டால் மூச்சு படபடவென்று வாங்கும், அது அடங்கும்வரை அசையாமல் மிதக்க வேண்டும். பின்மதியம் காற்றும் இடியும் வருமென்று காலையில் மட்டும்தான் இறங்குகிறோம். ஓர் இடி கேட்டால் எல்லாரும் வெளியே, கடைசி இடி கேட்டு அரை மணி நேரம்வரை திரும்ப இறங்குவதில்லை. அணைப்பக்கம் போவதே இல்லை. விமலசுரேந்திர மின்நிலையத்துக்குத் தண்ணீர் இழுக்கிற பக்கமும் வான் பாய்கிற பக்கமும் நமக்கு ஊரில்லாத இடம் என்று வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறோம். இனி மழை பிடித்துவிடும். அது விடும்வரை மறுபடியும் கரைப் பாடம்தான்.

ஒரு சின்னப் பிள்ளை இருக்கிறாள், வகுப்பில் வாயே திறக்கமாட்டாள். எடை குறைவு என்பதால் அவளைத் திசை பார்க்கிற இடத்தில் உட்காரவைத்தார்கள். படகில் முன்பக்கம் பார்ப்பது அவள் ஒருத்திதான். மற்ற நாலு பேரும் அவள் குரலை நம்பித்தான் முதுகு திருப்பி வலிக்கிறார்கள். மூன்றாவது நாள் மூடுபனிக்குள்ளிருந்து "நிறுத்து!" என்று ஒரு குரல் கேட்டது. நீருக்குள் நின்ற பழைய மரக் கட்டை ஒன்றை அவள் பார்த்துவிட்டாள். கரையில் நின்ற எனக்கு அது யார் குரல் என்றே தெரியவில்லை.

நானும் இறங்கினேன், பாப்பா. இதை அப்பாவிடம்கூட இரண்டு நாள் கழித்துத்தான் சொன்னேன். பிள்ளைகளுக்குப் பொறுப்பானவர் மிதக்கத் தெரியாமல் இருக்கக்கூடாது என்றார்கள். இடுப்பளவு தண்ணீர், சுற்றிக் கயிறு, என்மேல் ஜாக்கெட். மல்லாந்து படுத்து, காது தண்ணீருக்குள் போகும்வரை தலையைச் சாய்க்கச் சொன்னார்கள். அந்தத் தலையைச் சாய்க்கத்தான் எனக்கு 36 வருடமானது. காது உள்ளே போனதும் வெளிச் சத்தம் எல்லாம் நின்று என் மூச்சு மட்டும் கேட்டது. வானம் தெரிந்தது, மேலே தேயிலை மலை தெரிந்தது. தம்பியை நினைத்தேன். அழுதேன் என்று யாருக்கும் தெரிந்திருக்காது, முகமெல்லாம் ஈரம்தானே.

உன்னை நான் தண்ணீரிலிருந்து தள்ளி வைத்தது பயத்தால். அன்பால்தான் என்று இத்தனை நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். உனக்கு 12 வயதில் கொடுத்திருக்க வேண்டியதை நான் கொடுக்கவில்லை. மெல்பேர்ன் யாரா ஆற்றில் விடிகாலையில் போகிற நீளப் படகுகளைப் படம் எடுத்து அனுப்பினாயே, பாலத்தின் மேல் நின்று எடுத்த படம். அதை எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று உனக்குத் தெரியாது. நீ பாலத்தில் நிற்பது என்னால்தான்.

டிசம்பரில் வரும்போது ஒரு காலை எனக்காக ஒதுக்கு. அகலமான பயிற்சிப் படகு, இரண்டு பேர் உட்காரலாம், கூடவே மோட்டார் படகு வரும். நீ பின்னால் உட்கார், நான் முன்னால். உன் எடை எவ்வளவு என்று அடுத்த கடிதத்தில் எழுது. ஜாக்கெட்டை எடை பார்த்துத்தான் எடுத்துவைப்பார்கள்.

அன்புடன்,
அம்மா