சிறு கட்டடங்களில் வேலை செய்வோரின் உயிர்ப் பாதுகாப்பை வரைபட அனுமதியுடன் இணைக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
கட்டுமானத் தொழிலாளர்கள்,
மதுரை.
(கையொப்பங்கள் தனித்தாளில்)

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
மதுரை.

பொருள்: மூன்று மாடி வரையிலான கட்டடங்களில் சாரம், பள்ளம், மின்கம்பி ஆகியவற்றால் நேரும் விபத்துகளைத் தடுத்தல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

திருப்பாலை, வண்டியூர், நாகமலை புதுக்கோட்டைப் பகுதிகளில் வீடுகளும் சிறு கடைகளும் கட்டும் கொத்தனார்கள், கம்பி கட்டுபவர்கள், சென்ட்ரிங் ஆட்கள், சித்தாட்கள் நாங்கள். பெரிய நிறுவனங்களின் அடுக்குமாடிகளைப் பற்றி இங்கே பேசவில்லை. அங்கே வாசலிலேயே தலைக்கவசம் கேட்கிறார்கள். எங்களுக்கு வேலை தரும் இடங்களில் மேஸ்திரி வைத்ததுதான் சட்டம்.

சாரத்தையே பாருங்கள். பல வீடு பார்த்த சவுக்குக் கட்டை, வெயிலில் நைந்த கயிறு, மிதிக்க ஒற்றைப் பலகை. ஒரு கையில் பூச்சைத் தேய்த்து மட்டமாக்கும் மணியாசுப் பலகை, மறு கையில் கரண்டியோடு அதன் மேல் நின்று வெளிப்பூச்சு பூசுகிறோம். தடுமாறினால் பிடித்துக்கொள்ளக் கை மிச்சமில்லை. முதுகுப் பக்கம் இடுப்பளவில் குறுக்கே ஒரு கட்டை கட்டினால் பாதி ஆபத்து குறையும். கட்டை பத்தாது என்பார்கள். லிப்ட் குழியின் குறுக்கே ஒரு சணல் கயிறு தொங்கும், சில இடங்களில் அதுவும் இராது. தலையில் கலவைச் சட்டியோடு வரும் சித்தாளுக்குக் காலடி தெரியாது. தூசிக்கும், கலவை இயந்திரத்தில் முந்தானை சிக்காமலிருக்கவும் பெண்கள் சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை போட்டுக்கொள்கிறார்கள். அவர்களுக்கு உள்ள ஒரே பாதுகாப்பு உடை அதுதான். அதுவும் வீட்டிலிருந்து கொண்டுவந்தது.

தெருவோரக் கட்டடங்களில் மாடிக் கைப்பிடிச் சுவரை ஒட்டி மின்கம்பி போகிறது. முறுக்குக் கம்பியை நிமிர்த்தி மேலே கொடுக்கும்போது சாண் அளவு சாய்ந்தாலும் ஆள் மிஞ்சமாட்டான். வானம் என்னும் அடித்தளப் பள்ளம் தோண்டும் மண்ணைக் கரையிலேயே குவிப்பதால், மழை பெய்ததும் கரை சரிந்து உள்ளே நிற்பவரை மூடுகிறது.

2014 ஜூன் 28 அன்று சென்னையை அடுத்த மவுலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் இறந்தபோது விசாரணை ஆணையம் அமைத்தார்கள். சாரத்திலிருந்து ஒருவர் விழுந்தால், "கால் தவறி விழுந்தார்" என்ற ஒரு வரியோடு முடிந்துவிடுகிறது. பலகை ஏன் ஒற்றையாக இருந்தது என்று யாரும் கேட்பதில்லை.

1996ஆம் ஆண்டின் கட்டுமானத் தொழிலாளர் சட்டம், அது நடப்பில் இருந்த 2025 வரை, பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடங்களைத் தொடவில்லை. எங்களில் பெரும்பாலோர் வேலை செய்வது அத்தகைய இடங்களில்தான். 2024 ஜூலை முதல் 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, சுயசான்று முறையில் இணையத்திலேயே உடனடி அனுமதி கிடைக்கிறது. மக்கள் அலையாமல் வீடு கட்டுவதில் எங்களுக்கும் மகிழ்ச்சியே. ஆனால் எங்கள் பெயரால் தொழிலாளர் நல நிதியும் வசூலாகும் அந்த அனுமதியில், எங்கள் உயிரைப் பற்றி ஒரு கேள்வியாவது இருக்க வேண்டாமா?

ஆகவே, அனுமதி பெறுபவர் ஒப்பந்ததாரரின் பெயரையும் வேலை தொடங்கும் நாளையும் உள்ளாட்சி அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கச் செய்ய வேண்டும். முதல் தளம் போட்டு மேலே ஏறுமுன், அப்பகுதிப் பொறியாளர் ஒருமுறை வந்து சாரம், தள ஓரத் தடுப்பு, லிப்ட் குழி மூடி ஆகிய மூன்றையும் பார்த்து ஒப்பமிட வேண்டும். இல்லையேல் வேலையை நிறுத்தும் அதிகாரம் அவருக்கு வேண்டும். மின்கம்பி அருகில் உள்ள இடங்களில் மின்வாரியம் இணைப்பைத் துண்டித்தோ உறையிட்டோ தர வேண்டும். ஐந்தடிக்கு மேல் தோண்டினால் பக்கவாட்டில் பலகையும் முட்டும் கொடுக்காமல் ஆளை இறக்கக் கூடாது. பாதுகாப்பு பெல்ட்டின் விலையைக் கூலியில் பிடிக்கவும் கூடாது.

இவற்றில் பலவற்றுக்குப் புதிய சட்டம் தேவைப்படாது என்று நம்புகிறோம். மாநகராட்சி, மின்வாரியம், தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம் ஆகியவற்றின் அலுவலர்களைத் தாங்கள் ஒருசேர அழைத்து, எங்களில் இருவரையும் உட்காரவைத்துப் பேசி, வடகிழக்குப் பருவமழைக்கு முன் உத்தரவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கீழே கையொப்பமிட்டுள்ள தொழிலாளர்கள்