டீசல் கசிவை விரலால் தேடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

டீசல் பட்டறைகளில் தொழில் பழகும் நம் பிள்ளைகளுக்காகவும் அவர்களை வேலைக்கு வைத்திருக்கும் முதலாளிகளுக்காகவும் இதை எழுதுகிறேன். ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜினில் எங்கே கசிகிறது என்று விரலால் தடவிப் பார்க்கும் பழக்கம் பிறையிலும் பட்டர்வொர்த்திலும் இன்னும் ஒழியவில்லை. அதை இன்றைக்கே நிறுத்த வேண்டும்.

நான் தொழில் பழகிய காலத்து லாரிகளில் பம்பிலிருந்து ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனிப் பைப் போகும். சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் நாசில் 200 பார் அழுத்தத்தில் திறக்கும். இன்ஜின் திணறினால், ஓடும்போதே பைப் நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்துவோம். எதைத் தளர்த்தியும் சத்தம் மாறவில்லையோ, அந்தச் சிலிண்டர்தான் படுத்துவிட்டது என்று அர்த்தம். அன்றைக்கே அது ஆபத்தான வேலைதான். 1990களின் பிற்பகுதியில் காமன் ரெயில், அதாவது எல்லா சிலிண்டர்களுக்குமான டீசலை உயர் அழுத்தத்தில் தேக்கி வைக்கும் ஒரே பொதுக் குழாய், பரவத் தொடங்கிய பிறகோ கணக்கே மாறிவிட்டது. வண்டி சும்மா நின்று ஓடும்போதே ரெயிலுக்குள் 300 பார் அளவுக்கு அழுத்தம் இருக்கும். முடுக்கினால் 1,600, 2,000 என்று ஏறும். சில புதிய இன்ஜின்களில் 2,500 வரை போகும். லாரி டயருக்கு நாம் அடிக்கும் காற்று 8 பார் அளவுதான்.

அண்மையில் எனக்குத் தெரிந்த பட்டறை ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு பிக்கப் வண்டிக்கு, டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களைக் கழற்றி மாட்டியிருந்தார்கள். இன்ஜின் ஓடுகிறது, டீசல் வாடை அடிக்கிறது, ஆனால் ஈரம் எங்கும் தெரியவில்லை. ஃபோர்மேன் சொன்னபடி பையன் இடது ஆள்காட்டி விரலைப் பைப்போரமாக ஓட்டினான். சுருக்கென்று ஊசி குத்தியது போல் இருந்ததாம். விரல் நுனியில் ஒரு புள்ளி, ரத்தம்கூட வரவில்லை. துணியில் துடைத்துவிட்டு வேலையை முடித்தான். மாலையில் ஒரு கிளினிக்கில் மருந்து தடவி பிளாஸ்டர் ஒட்டி அனுப்பினார்கள். விடிவதற்குள் உள்ளங்கை வரை வீங்கி, விரல் வெளிறிப்போயிருந்தது. மருத்துவமனையில் கையைக் கிழித்துக் கழுவினார்கள். ஆனாலும் அந்த விரலில் இரண்டு கணுக்கள் போய்விட்டன.

தோலைத் துளைத்த டீசல் அந்த இடத்திலேயே நிற்பதில்லை. தசைநாண் உறை வழியாக உள்ளங்கைக்கும் மணிக்கட்டுக்கும் பாய்கிறது. உள்ளே போனதும் சதையை அரிக்கத் தொடங்குகிறது, வீக்கம் ரத்த ஓட்டத்தை நெரிக்கிறது. முதலில் வலி குறைவாக இருப்பதுதான் இதில் கொடுமை. ஆறு மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை நடந்தால் விரல் தப்பும் வாய்ப்பு அதிகம். அந்தப் பையன் அந்த நேரத்தைத் தூக்கத்தில் கழித்துவிட்டான். ரப்பர் கையுறை போட்டிருந்தாலும் இந்த அழுத்தத்தைத் தடுத்திருக்காது.

கசிவைத் தேட ஓர் அட்டைத் துண்டு போதும். நீளமான அட்டையை எட்ட நின்று பைப்போரம் காட்டினால், கசியும் இடத்தில் அதில் ஈரம் தெறிக்கும். கண்ணாடி அணிவது கட்டாயம். நட்டைத் தொடுவதற்கு முன் இன்ஜினை நிறுத்தி, தயாரிப்பாளர் கையேட்டில் சொன்ன நேரம் காத்திருந்து, ஸ்கேனரில் ரெயில் அழுத்தம் இறங்கிவிட்டதா என்று பார்க்க வேண்டும். காமன் ரெயிலில், பைப்பில் சிக்கிய காற்றை வெளியேற்ற உயர் அழுத்த நட்டைத் தளர்த்தவே கூடாது.

கழற்றும்போது நட்டைச் சுற்றி நன்றாகச் சுத்தம் செய்யுங்கள். திறந்த வாய்களை உடனே மூடிபோட்டு மூடுங்கள். இன்ஜெக்டருக்குள் இருக்கும் இடைவெளி சில மைக்ரான்தான். கைத்துணியின் நூல் ஒன்று உள்ளே போனாலே போதும், அது கெட்டுவிடும். கழற்றிய உயர் அழுத்தப் பைப்பை மறுபடியும் மாட்டக் கூடாது என்று பல தயாரிப்பாளர்கள் எழுதியே வைத்திருக்கிறார்கள். அதன் முனை ஒருமுறை இறுகியதும் நசுங்கி உட்கார்ந்துவிடும். இரண்டாம் முறை சரியாகப் பொருந்தாமல் கசியும்.

இங்கேதான் வண்டிக்காரர்களிடமும் பேச வேண்டியிருக்கிறது. 2024 ஜூன் 10 அன்று தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டாக ஏறியதிலிருந்து, பிக்கப் வைத்துப் பிழைக்கும் சிறு வியாபாரிகளின் பாடு எனக்குத் தெரியும். "பழைய பைப்பையே மாட்டிவிடுங்கள் அண்ணே" என்று அவர்கள் கேட்பதும் அதனால்தான். தயவுசெய்து கேட்காதீர்கள். மிச்சப்படுத்த வேண்டுமானால் ஃபில்டரைக் காலத்தோடு மாற்றுங்கள், அதில் தேங்கும் நீரை வடித்துவிடுங்கள். நம் டீசலில் செம்பனை பயோடீசல் கலந்திருக்கிறது. அது நீரை எளிதில் இழுக்கும்.

முதலாளிகளுக்கு ஒன்று. 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் ஒருவரை நியமிக்க வேண்டும். சிறிய பட்டறை என்பது சாக்கு அல்ல. பையன்களுக்கு சொக்சோ என்ற தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சந்தாவைக் கட்டாமல் நாள் கூலிக்கு வைத்திருப்பவர்களை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். பெற்றோர்களே, பிள்ளையைப் பட்டறையில் சேர்க்கும்போது சம்பளத்தைக் கேட்பதற்கு முன் சொக்சோவைக் கேளுங்கள்.

விரலில் புள்ளி பட்டுவிட்டால் கையில் காசைக் கொடுத்து கிளினிக்குக்கு அனுப்பாதீர்கள். முதலாளியே வண்டியில் ஏற்றி, பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு நேராகக் கொண்டுபோக வேண்டும். முகப்பில் "ஊசி குத்திவிட்டது" என்று சொன்னால் வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள். "டீசல் தெக்கானான் திங்கி மாசோக் டாலாம் ஜாரி" (உயர் அழுத்த டீசல் விரலுக்குள் புகுந்துவிட்டது) என்று மலாயில் தெளிவாகச் சொல்லுங்கள். எத்தனை மணிக்கு நடந்தது என்பதையும் சொல்லுங்கள். அறுவை சிகிச்சைக்கு மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கலாம் என்பதால், போகும் வழியில் தே தாரேக் (தேநீர்) எதுவும் வாங்கிக் கொடுக்க வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டீசல் மெக்கானிக்,
பிறை, பினாங்கு.