பையில் முதலில் கரண்ட் இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்ங்க. கம்பெனி கோவையிலோ பெங்களூருவிலோ இருக்க, தோளில் ஒரு பையை மாட்டிக்கொண்டு ஊரிலிருந்தபடியே வேலை பார்க்கிறவர்கள் எங்கள் பல்லடம் பக்கம் இப்போது தெருவுக்கு ஒருவராவது இருக்கிறோம். காலேஜ் முடித்து இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகள் "அக்கா, பையில என்னென்ன வாங்கி வைக்கணும்?" என்று கேட்கும்போதே கையில் ஒரு பட்டியலோடுதான் வருகிறார்கள். மடக்கு ஸ்டாண்ட், குட்டி கீபோர்டு, ஒயர்களைச் சுருட்டி வைக்கத் தோல் பர்ஸ், டைட்டானியம் பேனா என்று வீடியோ பார்த்து எழுதிய பட்டியல். ஏர்போர்ட்டிலும் ஏசி போட்ட காபிக் கடையிலும் உட்கார்ந்து வேலை பார்க்கிற ஆளுக்காக யாரோ போட்டது அது. நம் ஊரில் வேலை நின்றுபோவது கரண்ட்டாலும் சிக்னலாலும் சத்தத்தாலும்தான். கையில் இருக்கிற பணத்தை முதலில் இந்த மூன்றுக்கும் போடுங்கள், மிச்சம் இருந்தால் மற்றதைப் பார்க்கலாம் என்பதுதான் நான் சொல்ல வருவது. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கரண்ட்டைச் சொல்கிறேன். மாதாந்திரப் பராமரிப்பு என்று துணை மின் நிலையத்தை நிறுத்தினால் காலை 9 மணிக்குப் போனது மாலை 4 மணிக்குத்தான் வரும். அது போக, ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்றில் ஒரு தென்னை மட்டை லைனில் விழுந்தால் போதும், எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் பையில் முதல் பொருள் பவர் பேங்க். இதில்தான் பிள்ளைகள் ஏமாறுகிறார்கள். என் சித்தி மகன் ஒரு கடையில் 20000 எம்ஏஎச் என்று பெரிதாக அச்சடித்த பவர் பேங்க் ஒன்றை வாங்கி வந்தான், போனுக்கு நன்றாக ஏறுகிறது, லேப்டாப்பில் சொருகினால் அசைவே இல்லை. பழுது என்று நினைத்துக் கடைக்குத் திரும்பக் கொண்டுபோகக் கிளம்பிவிட்டான். பழுதெல்லாம் இல்லை. அது 22.5 வாட் கொடுப்பது, போனுக்கென்று செய்தது. டைப்-சி வழியாக சார்ஜ் ஏறுகிற லேப்டாப்புகளில் பெரும்பாலானவை 20 வோல்ட்டில் 45 வாட்டோ 65 வாட்டோ கேட்கும். ஆகவே 'பவர் டெலிவரி' என்றும், 45 அல்லது 65 வாட் 'அவுட்புட்' என்றும் பவர் பேங்கின் முதுகில் பொடி எழுத்தில் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். அட்டைப் பெட்டியின் முன்பக்கத்தில் பெரிதாகப் போட்டிருக்கும் எண்ணை நம்ப வேண்டாம். உங்கள் லேப்டாப் டைப்-சியில் சார்ஜ் ஏறுமா என்பதையும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள், பழைய உருண்டைப் பின் சார்ஜர் என்றால் கணக்கே வேறு.

அப்புறம் எம்ஏஎச் கணக்கு. உள்ளே இருக்கிற செல் 3.7 வோல்ட், அதனால் 20000 எம்ஏஎச் (மில்லி ஆம்பியர்-மணி), அதாவது 20 ஆம்பியர்-மணி, அதை 3.7-ஆல் பெருக்கினால் 74 வாட்-மணி. வோல்ட்டை ஏற்றிக் கொடுக்கும்போது சூடாகக் கொஞ்சம் வீணாகிவிடும். 50 வாட்-மணி பேட்டரி உள்ள ஒரு சாதாரண லேப்டாப்பை அது ஒரு தடவை முழுசாக நிரப்பும், அவ்வளவுதான். லேப்டாப்பில் ஏற்கெனவே இருக்கிற சார்ஜோடு சேர்த்தால் ஒரு பராமரிப்பு நாளைத் தாண்டிவிடலாம். இதைவிடப் பெரிதாக வேண்டும் என்று 30000 பக்கம் போகிறவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள், தூக்குகிற பாரம் ஒரு பக்கம், 100 வாட்-மணியைத் தாண்டினால் விமானத்தில் கொண்டுபோக அந்த ஏர்லைனின் அனுமதி வேண்டும் என்பது இன்னொரு பக்கம். தாண்டாவிட்டாலும் கைப்பையில்தான் வைத்துக்கொள்ள வேண்டும், லக்கேஜில் போடக் கூடாது. பிஐஎஸ் எனும் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பதிவு எண், 'ஆர்' என்ற எழுத்தில் தொடங்குவது, பவர் பேங்க் மேல் இல்லையென்றால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். கேபிளையும் கவனிக்க வேண்டும், பார்க்க எல்லாம் ஒரே மாதிரி இருக்கும், ஆனால் சாதா டைப்-சி கேபிள் 60 வாட் வரைக்கும்தான் கொண்டுபோகும். 100 வாட் என்று போட்ட கேபிள் ஒன்று வாங்கி அதையே பையில் வையுங்கள்.

இங்கேயே உங்களிடம் ஒரு விண்ணப்பம். நீங்கள் போடுகிற மின்தடை அறிவிப்பைப் பார்த்துத்தான் மறுநாள் வீட்டில் இருப்பதா, கோவைக்கு பஸ் ஏறுவதா என்று முடிவு செய்கிறோம். நாலைந்து ஊர்ப் பெயரைப் போட்டுவிட்டு 'மற்றும் சுற்றுவட்டாரப் பகுதிகள்' என்று முடித்தால், அந்தச் சுற்றுவட்டாரத்தில் நாங்கள் இருக்கிறோமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இரண்டு நாள் முன்னதாக, எல்லாக் கிராமப் பெயரோடும் போட்டால் எங்களுக்கும் உதவி, தறிக்காரர்களுக்கும் உதவி.

தறி என்றதும் சத்தத்துக்கு வருகிறேன். எங்கள் வீட்டை ஒட்டி விசைத்தறி ஓடுகிறது, ஜன்னலைச் சாத்தினாலும் அந்தத் தடதடப்பு உள்ளே வரும். பிள்ளைகள் நிறைய பணம் போட்டு, வெளிச் சத்தத்தை அடைக்கிற இயர்பட்ஸ் வாங்குகிறார்கள். அது அடைப்பது நம் காதுக்கு வருகிற சத்தத்தை. எதிரில் இருக்கிறவருக்குப் போகிற சத்தம் நம் மைக்கைப் பொறுத்தது. வாய்க்கு நேராகக் கம்பி போல் நீட்டிக்கொண்டு மைக் இருக்கிற, ஒயர் வைத்த ஹெட்செட்டைப் போட்டுப் பேசிப் பாருங்கள், மைக் வாய்க்குப் பக்கத்தில் இருப்பதால் குரல் தூக்கலாகவும் தறி பின்னாலும் போய்விடும். சார்ஜ் போட வேண்டிய வேலையும் இல்லை. நான் சொல்லி வாங்கிய யாரும் இதுவரை குறை சொன்னதில்லை.

சிக்னலுக்கு வேறு வேறு கம்பெனி சிம் இரண்டு, அவ்வளவுதான். வீட்டில் ஒன்று நன்றாக எடுக்கும், தோட்டத்துச் சாளையில் மற்றதுதான் எடுக்கும். ஹாட்ஸ்பாட் போட்டால் போன் பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடும், சூடும் ஆகும். ஒரு கேபிளில் போனை லேப்டாப்போடு இணைத்து நெட் கொடுத்தால் லைன் விட்டு விட்டு வருவது குறைகிறது. கரண்ட் இல்லாத நேரத்தில் மட்டும் அந்தக் கேபிள் லேப்டாப் பேட்டரியை உறிஞ்சும், அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மீட்டிங்கில் வீடியோவை அணைத்துவிட்டால் டேட்டா பல மடங்கு மிச்சம். திம்பம், வால்பாறை என்று மலை ஏறுகிறவர்கள் வேண்டிய ஃபைலைக் கீழேயே இறக்கி வைத்துக்கொண்டு ஏறுங்கள், கொண்டை ஊசி வளைவில் எந்த சிம்மையும் நம்ப முடியாது.

இனி பை. திருப்பூரைச் சுற்றி இருக்கிற நாமே விளம்பரத்தைப் பார்த்துப் பை வாங்குவது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. நூலும் தையலும் தெரிந்த ஊர் இது. 9000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ அதுதான் டெனியர் என்று இங்கே பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிற பலருக்குத் தெரியும். 600 டெனியர் பாலியஸ்டர் என்று போட்டிருந்தால் தினப்படிக்குத் தாராளம். ஆனால் துணி கிழிந்து போன பையைவிடத் தோள் வார் பிய்ந்து போன பையைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். வார் பையோடு சேருகிற இடத்தில் பார்டாக், அதாவது ஒரே இடத்தில் நெருக்கிப் பலமுறை ஓட்டிய தையல், அடித்திருக்கிறதா, வெறும் ஒற்றைத் தையலா என்று விரலால் தடவிப் பாருங்கள். பையை உள்புறமாகத் திருப்புங்கள், ஓரங்களில் துணிப் பட்டி வைத்துத் தைத்திருந்தால் நூல் பிரியாது, வெட்டிய விளிம்பு அப்படியே தெரிந்தால் சீக்கிரமே பிசிறு கிளம்பும். ஜிப்பின் ஓடியைத் திருப்பிப் பார்த்தால் பெரும்பாலும் பின்னால் ஓர் எண் இருக்கும், பெரிய ஜிப்புக்கு 8 அல்லது 10 நல்லது. இதையெல்லாம் கடையில் நின்று பார்ப்பதற்குக் கூச்சப்பட வேண்டாம், காசு நம்முடையது.

லேப்டாப் அறைக்குள் கையை விட்டுப் பாருங்கள். அறையின் அடி, பையின் அடியைத் தொடாமல் இரண்டு விரற்கடை மேலே நிற்க வேண்டும். சிங்காநல்லூர் போகிற பஸ்ஸில் கூட்டத்தில் பையைக் கழற்றிக் காலடியில்தான் வைக்கிறோம், டிரைவர் ஒரு பிரேக் போட்டால் அந்த இடி நேரே லேப்டாப்பின் மூலையில் விழும். ஐப்பசி மழையில் பஸ் தரையில் தண்ணீர் வேறு ஓடும். உள்பக்கம் பூச்சு இருக்கிற துணியே ஆனாலும் தையல் ஓட்டை வழியாகவும் ஜிப் வழியாகவும் ஈரம் இறங்கும், அதனால் கெட்டியான பாலித்தீன் கவர் ஒன்றை மடித்து உள்ளே போட்டு வைத்து, மழை பிடித்தால் லேப்டாப்பை அதற்குள் நுழைத்துவிடுவது நல்லது. தண்ணீர் பாட்டிலுக்கு எப்போதும் வெளிப்பக்க அறைதான்.

பெண் பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். கடையில் இருக்கிற பைகள் பெரும்பாலும் ஆண்களின் தோள் அகலத்துக்குத் தைத்தவை. வார் இரண்டும் வெளியே வழுக்கிக்கொண்டே இருக்கும், அதைப் பிடித்துப் பிடித்துக் கழுத்து வலி வரும். மார்புக்குக் குறுக்கே கொக்கி வைத்த பட்டி இருக்கிற பையை, லேப்டாப்பை உள்ளே வைத்து மாட்டிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். எல்லாம் அடுக்கிய பிறகு மளிகைக் கடைத் தராசில் ஒருமுறை தூக்கி வைத்துப் பாருங்கள், 5 கிலோவைத் தாண்டினால் ஏதோ வேண்டாதது உள்ளே இருக்கிறது. "ஏன் அம்மிணி, பள்ளிக்கூடத்துப் புள்ளையாட்ட இத்தனை மூட்டை?" என்று பஸ் ஸ்டாப்பில் ஓர் அப்பத்தா கேட்டது சரியான கேள்வி.

எடையைக் குறைக்க நல்ல வழி, லேப்டாப்புக்கும் போனுக்கும் சேர்த்து ஒரே 65 வாட் சார்ஜர். காலியம் நைட்ரைடு என்று இப்போது வருகிறவை உள்ளங்கைக்குள் அடங்குகின்றன. ஆனால் பழைய சுவிட்ச் போர்டுகளில் ஓட்டை தளர்ந்திருப்பதால் சுவரிலேயே சொருகுகிற கனமான சார்ஜர் கழன்று தொங்கும். கூடவே ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன் ஒயர், நம்ம ஊர் உருண்டைப் பின் வைத்தது, இருந்தால் இந்தத் தொல்லை இல்லை, பக்கத்தில் இருக்கிறவருக்கும் ஒரு பாயிண்ட் கொடுக்கலாம். மவுஸ், பேனா, ஸ்டாண்ட் எல்லாம் அவரவர் விருப்பம்.

சித்திரை, வைகாசி வெயிலில் பவர் பேங்கையும் லேப்டாப்பையும் நிறுத்திய காருக்குள்ளோ வண்டி டேங்க் மேலேயோ விட்டுப் போகாதீர்கள். ஈரோடும் கரூர் பரமத்தியும் 40 டிகிரியைத் தாண்டுகிற மாதங்கள் அவை, லித்தியம் பேட்டரிக்குச் சூடு ஆகவே ஆகாது. வயிறு உப்பின பவர் பேங்கை அன்றோடு நிறுத்திவிட வேண்டும், அதைக் குப்பையிலும் போடக் கூடாது, மின்னணுக் கழிவு வாங்குகிறவர்களிடம்தான் கொடுக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று கேட்கிறேன். சென்னை கொளத்தூரில் 2024-ல் 'முதல்வர் படைப்பகம்' என்று, உட்கார்ந்து வேலை பார்க்க மேஜையும் நெட்டும் கொடுத்து அரசே ஓர் இடம் திறந்தது. பல்லடம், தாராபுரம், கோபி, பொள்ளாச்சி போன்ற ஊர்களுக்கு அவ்வளவு பெரிய கட்டடம் உடனே வேண்டும் என்று கேட்கவில்லை. இருக்கிற கிளை நூலகங்களில் ஒரு நீள மேஜை, நாலு ப்ளக் பாயிண்ட், கரண்ட் போனால் ஓட ஓர் இன்வெர்ட்டர், இதைச் செய்து கொடுத்தால் பராமரிப்பு நாட்களில் எங்களில் பலர் இரண்டு பஸ் மாறிக் கோவைக்குப் போக வேண்டியிருக்காது. இதை நூலகத் துறையின் பார்வைக்குக் கொண்டு போகுமாறு உங்கள் பத்திரிகையைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பல்லடம் வட்டம், திருப்பூர் மாவட்டம்