முகாம் கடையில் எந்தப் பணம் கைமாற வேண்டும்? மறுநிகழ்த்தல் ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்க உள்நாட்டுப் போரின் சமர்களை மறுநிகழ்த்திக் காட்டும் குழுக்களின் ஏற்பாட்டாளர்களுக்கு வணக்கம்.

சீருடைப் பொத்தானைக்கூட ஆண்டு பார்த்துத் தேர்ந்தெடுக்கும் உங்கள் கண்டிப்பு, முகாம் கடையில் கைமாறும் பணத்தில் மட்டும் தளர்ந்துவிடுகிறது. 1862 செப்டம்பரில் நடந்த ஆன்டீட்டம் சமரைக் காட்டும் இடத்தில், 1864 பிப்ரவரித் தேதியிட்ட தென்தரப்பு (பிரிந்துபோன தென்மாநிலங்களின்) நோட்டுகளின் நகல்கள் கட்டுக்கட்டாகப் புழங்குவது பொருத்தமில்லை.

வடதரப்பான கூட்டாட்சி அரசின் படைவீரனை அன்றாடம் வாட்டியது சில்லறைத் தட்டுப்பாடு. 1861 டிசம்பர் இறுதியில் வங்கிகள் நோட்டுக்குப் பொன் தருவதை நிறுத்தின. அடுத்த கோடைக்குள் வெள்ளிக்காசுகள் பதுங்கிவிட்டன. மாதச் சம்பளம் 13 டாலர் வாங்கியவர் ஐந்து சென்ட் பொருளுக்கு ஒரு டாலர் நோட்டை நீட்டினால், மீதி கொடுக்கக் கடைக்காரரிடம் காசு இராது. மக்கள் அஞ்சல்தலைகளைக் காசாகப் புழங்க, 1862 ஜூலை 17 சட்டம் அதற்கு ஒப்புதல் தந்தது. ஈரம் பட்டால் ஒட்டிக்கொள்ளும் அவற்றைப் பித்தளை உறைக்குள் ஒளிபுகும் மைக்கா மூடியிட்டு அடைக்கும் முறைக்கு ஜான் கால்ட் ஆகஸ்டில் காப்புரிமை பெற்றார். அதே மாதம் அரசு வெளியிட்ட சில்லறை நோட்டுகளிலும் அஞ்சல்தலைப் படங்களே இருந்தன: 25 சென்ட் நோட்டில் ஐந்து சென்ட் அஞ்சல்தலைகள் ஐந்து ஒரே வரிசையில் நிற்கும், முதலில் வந்தவற்றின் ஓரங்கள்கூட அஞ்சல்தலையைப் போலத் துளையிடப்பட்டவை. 1863 ஜூலையில் நடந்த கெட்டிஸ்பர்க் சமரைக் காட்டும் முகாமுக்கு இவை பொருந்தும். ஆனால் வாஷிங்டன் தலையைச் சுற்றி வெண்கல நிற வளையம் கொண்ட அடுத்த வரிசை 1863 அக்டோபரில்தான் வந்தது. மூன்று சென்ட் நோட்டு அதற்கும் பிந்தையது.

நகலெடுப்பதில் ஒரு சிக்கல் உண்டு. பிலடெல்பியாவின் சாமுவேல் அப்ஹம் 1862இல் தென்தரப்பு நோட்டுகளின் நகல்களை நினைவுப்பொருளாக விற்றார். அடி ஓரத்தில் தம் பெயரையும் அச்சிட்டார். வாங்கியவர்கள் அந்த ஓரத்தைக் கத்தரித்துவிட்டு நோட்டைச் செலவழித்தார்கள். ஆகவே, பழைய பணத்தின் நகல்களுக்கு 1973ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம் கோரும் 'நகல்' என்ற குறி ஓரத்தில் அல்லாமல் படத்தின் நடுவே பதிய வேண்டும். கூட்டாட்சி அரசின் சில்லறை நோட்டுகளில் இன்னும் கூடுதல் கவனம் தேவை. அவை இன்றும் அரசின் கடன்பத்திரங்களாகவே கருதப்படுவதால், அவற்றின் வண்ணப் படத்தை ஒருபக்கம் மட்டுமே, அதுவும் அசலின் முக்கால் பங்குக்குச் சிறிதாகவோ ஒன்றரை மடங்குக்குப் பெரிதாகவோதான் அச்சிடலாம். அளவு மாறிய நோட்டு கையில் பொம்மையாகவே தோன்றும் என்பது என் கருத்து.

எளிய வழி ஒன்றிருக்கிறது. படையுடன் சென்ற கடைக்காரர்கள் தம் கடையில் மட்டும் செல்லும் சீட்டுகளையும் பித்தளை வில்லைகளையும் வெளியிட்டார்கள். சம்பளம் வருமுன் அவற்றைக் கடனாக வாங்கி, சம்பள நாளில் பெரும்பகுதியை அந்தக் கடைக்கே கொடுத்துவிட்டு நின்ற வீரர்கள் பலர். இத்தகைய சீட்டை ஒவ்வொரு முகாம் கடையும் தன் சொந்தப் பெயரில் அச்சிட்டுக்கொள்ளலாம். அரசு நோட்டை நகலெடுக்கும் சிக்கலே எழாது. அடுத்த நிகழ்வுக்கான விதிமுறைகளில், காட்டப்படும் சமரின் தேதிக்கு முன் புழக்கத்துக்கு வராத எந்தப் பணத்தையும் முகாமில் அனுமதிப்பதில்லை என்ற ஒரு வரியைச் சேர்க்குமாறும், கடைக்காரர்களிடம் இச்சீட்டுகளை முன்கூட்டியே கேட்டுப் பெறுமாறும் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
பழைய நோட்டுகளில் ஈடுபாடுள்ள ஒரு பார்வையாளர்