பாப்பாவுக்கு, பாலக்கோட்டிலிருந்து

அன்புள்ள பாப்பா,

நீ அனுப்பிய படங்களைத் தம்பி காட்டினான். முழங்கால் எப்படி இருக்கிறது? இரவில் நல்லெண்ணெயைச் சூடாக்கித் தேய்த்துக்கொண்டு படு.

டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தய நாளில் சாலையை அடைத்துவிடுவதால் பிரான்சின் ஆல்ப் துவெஸ் மலையில் நடந்துதான் ஏற வேண்டுமாமே. கிட்டத்தட்ட 14 கிலோமீட்டர், 21 கொண்டை ஊசி வளைவுகள். ஏற்காட்டுக்கு 20. அதற்கே பஸ்ஸில் மூன்று முறை வாந்தி எடுத்தவள் நீ. 100 அடி போனால் 8 அடி உயர்கிற சாலையாம். சேலத்திலிருந்து வரும் லாரிகள் தொப்பூர் கணவாயில் முக்கி முனகி ஏறுவதைப் பார்த்த கண்ணுக்கு, அந்தப் பையன்கள் சைக்கிளில் எழுந்து நின்று மிதிப்பது நம்ப முடியாததாக இருந்தது. கீழே 21-ஆம் வளைவுப் பலகையில் 1952-இல் அங்கே ஜெயித்த இத்தாலி சைக்கிள் வீரர் கோப்பியின் பெயர், அதன் பக்கத்தில் நீ. டீக்கடையில் எல்லோரிடமும் காட்டினேன். என் மகள் நடந்து ஏறிய மலை என்று சொன்னேன்.

எல்லாப் படத்திலும் நீ மட்டும்தான் இருக்கிறாய். மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை போலிருக்கிறது. பொங்கலுக்கும் அவர் பேசவில்லை. நான் ஒன்றும் கேட்கவில்லை. அம்மாவுக்காவது வாரம் ஒருமுறை போன் செய்யலாம், அவ்வளவு தூரம் நடக்க நேரம் இருந்தவளுக்கு. வேளைக்குச் சாப்பிடு.

பந்தயத்தின் கடைசியில் துடைப்ப வண்டி என்று ஒன்று வருமாம், முடியாதவர்கள் அதில் ஏறிக்கொள்வார்களாம் என்று தம்பி சொன்னான். அதிலிருந்து எனக்கு ஒரே யோசனையாக இருக்கிறது.

பாப்பா, பதினொன்றாம் வகுப்பில் பள்ளியில் உனக்குக் கொடுத்த சைக்கிளைச் சந்தையில் யாரோ தூக்கிக்கொண்டு போய்விட்டதாகச் சொன்னேன் அல்லவா. யாரும் திருடவில்லை. கிணற்று மோட்டாரில் காயில் எரிந்துபோயிருந்தது, தக்காளி காய்ந்துகொண்டிருந்தது. 900 ரூபாய்க்கு நான்தான் விற்றேன். அரூர் பக்கத்து ஆள் ஒருவர் வாங்கினார். அவர் அதில் ஏறி மிதித்துக்கொண்டு போகிறவரை பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டு வருடம் நீ ஏரிக்கரை வழியாக நடந்து போனாய். அந்த வருடமே பக்கத்து வீட்டுப் பெண்ணின் சைக்கிள் கைப்பிடியில் உன் பையை மாட்டிவிட்டு, அதன் கூடவே நீ ஓடியதைப் பார்த்திருக்கிறேன். நீ ஒருநாளும் ஒன்றும் கேட்கவில்லை. உனக்குத் தெரியுமோ என்று இன்றுவரை பயந்துகொண்டிருக்கிறேன். வலித்தாலும் வாய் திறக்காத பழக்கம் உனக்கு என்னால் வந்ததுதான். மன்னித்துவிடு.

மேற்கு அறைக்கு வெள்ளையடித்தாயிற்று. ஓட்டில் ஒழுக்கு நின்றுவிட்டது. எப்போது வந்தாலும் வா, யாரோடு வந்தாலும், தனியாக வந்தாலும். ஊரில் யார் என்ன கேட்டாலும் பதில் சொல்வது என் பாடு. டிக்கெட்டுக்குப் பணம் வேண்டுமென்றால் தம்பியிடம் சொல், என்னிடம் சொல்ல வேண்டாம்.

புளி கொட்டை எடுத்து வைத்திருக்கிறது. முழங்காலுக்கு எண்ணெய் மறந்துவிடாதே.

இப்படிக்கு,
அப்பா