சங்கிலிக்காரனுக்கு ஒரு கடிதம்

மாப்ள,

பதில் போடலைன்னு நீ பேசின பேச்சையெல்லாம் மொட்டையன் ஒண்ணு விடாம வந்து ஒப்பிச்சுட்டான். திட்டிக்கோ. போன்ல இதெல்லாம் சொல்ல வராது, அதான் எழுதறேன். அம்மாவுக்கு முட்டி வலி அப்படியேதான் இருக்குது. பாவு நூல் வந்தாத் தறி ஓட்டறது, வராட்டி குடோனைக் கூட்டிப்போட்டு உக்காந்துக்கறது. மத்தபடி எல்லாரும் சவுக்கியம். அங்கயும் அப்படித்தான்னு நெனச்சுக்கறேன்.

விசயத்துக்கு வர்றேன். என்ற பையன் நல்ல மார்க் வாங்கினான்னு காந்திபுரத்துல பழைய நிண்டெண்டோ ஸ்விட்ச்னு வீடியோ கேம் மெஷின் ஒண்ணு வாங்கிக் குடுத்தேன், கூடவே மரியோ கார்ட் 8 டீலக்ஸ்ங்கற ரேஸ் ஆட்டம். சிரிக்காதே. மீசை வெச்ச பிளம்பர், ஆமை ஓடு, வாழைப்பழத் தோலு, இதெல்லாம் ஒரு ரேஸான்னு நானும்தான் கேட்டேன். இப்பப் பசங்க தூங்கினதுக்கப்பறம் சத்தத்தைக் கம்மி பண்ணிட்டு நான் உக்காந்துக்கறேன். "தறி நின்னா ஆம்பளைக்குக் கிறுக்குப் புடிக்கும்பாங்க, இப்பத்தான் கண்ணுல பாக்கறேன்"ங்கறா ஊட்டுக்காரி.

வெளையாட வெளையாட எனக்கு நம்ம ரோடு ரேஷ் ஞாபகம்தான், பைக்ல போய்ட்டே அடிச்சுக்கற அந்த ரேஸ் ஆட்டம். செகா ஜெனசிஸ்ங்கற கேம் மெஷின்ல 1991லயே வந்துருச்சாம். கம்ப்யூட்டர் சென்டர் அண்ணன் கடையில நாம மோதினது 1996ல கம்ப்யூட்டருக்கு வந்தது. அன்னைக்கு நமக்குத் தாராபுரம் ரோட்டை விட அந்த ஆட்டத்துல வர்ற நாபா வேலி ரோடும் பசிபிக் ஹைவேயும்தான் அத்துபடி. அதுல அடிக்கறதுக்குச் சங்கிலி மட்டும் கெடைச்சுருச்சுன்னா நீ ரேசையே மறந்துருவே. கடைசி ஆளா வந்தாலும் பரவால்ல, எவனோ ஒருத்தனை லாரிக்கு அடியில தள்ளாம வரமாட்டே. அந்த முழியைப் பாத்துத்தான் சென்டர் அண்ணன் உனக்குப் பொண்ணு தரமாட்டேன்னுது.

செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேல நிஜ ரேஸ் பாக்கப் போனமே, நெனவிருக்குதா? வேணும்னு மோதினா அங்க தண்டனை. "சப்புனு இருக்குது"ன்னு பாதியில எந்திருச்சுட்டே. அன்னைக்கு உன்னைத் திட்டினேன், ஆனா நீ சொன்னது எனக்கும் புரிஞ்சுது. வெறும் ரேஸ்ல மொத வளைவுல பின்தங்கினவன் கடைசி வரைக்கும் பின்னாடிதான். கையில ஒரு தடி இருந்தா அவனுக்கும் ஒரு வழி இருக்குது.

ஆனா ரோடு ரேஷ்ல ஒருத்தனை அடிக்கோணும்னா அவன் பக்கத்துல வண்டியை ஒட்டோணும். உன்ற கை அவனுக்கு எட்டற தூரத்துல அவன் காலும் உனக்கு எட்டும். அவன் ஓங்கற நேரம் பாத்துக் கையை வுட்டா தடியே நம்ம கைக்கு வந்துரும். வுழுந்தாலும் எந்திருச்சு, ரோட்டைத் தாண்டி ஓடி, வண்டியை எடுத்துத் திரும்பத் தொரத்தலாம். போலீஸ்காரன் பக்கத்துல வந்து நின்னுட்டா மட்டும் கதை முடிஞ்சுது. எவன் அடிச்சான்னு தெரியும். திருப்பி அடிக்க எடமும் இருக்கும்.

இந்த மரியோ கார்ட்ல அப்படியில்ல. மொத ஆளுக்கு எத்தனை தூரம் பின்னாடி ஓடறோமோ அதுக்குத் தகுந்தாப்பலதான் ரோட்டுல இருக்கற பெட்டியில சாமான் வரும். பின்னாடி இருக்கறவனுக்கு நட்சத்திரம், பறந்துபோற குண்டு. முன்னாடி போறவனுக்குக் காசு. காசை வெச்சுட்டு நான் என்ன பண்றது, ஓட்டுக்குக் குடுக்கறதா? அப்பறம் அந்த ப்ளூ ஷெல், நீல ஆமை ஓடு. 1996ல மரியோ கார்ட் 64ல நொழைஞ்ச சனியன், இன்னும் போகலை. எவனோ பின்னாடி இருந்து வுடுவான், அது நடுவுல இருக்கறவங்களைத் தாண்டி மொத ஆளைத் தேடி வரும். தடுக்கறதுக்கு ஒரு ஹாரன் இருக்குது, அந்த நேரத்துக்கு அது கையில இருக்கோணுமே! மூணு சுத்தும் சுத்தமா ஓட்டி, கடைசி வளைவுல வெடிச்சு நிக்கறப்ப, நம்மளைத் தாண்டிப் போறது அதை வுட்டவனாக்கூட இருக்கமாட்டான். சும்மா வந்த மூணாமத்தவன் கோப்பையைத் தூக்கிட்டுப் போவான்.

மொட்டையன் அவங்க ஊட்டு அட்டாலியில இருந்து ப்ளர்ங்கற கார் ரேஸ் ஆட்டத்தோட பழைய டிஸ்கைத் தேடிக் குடுத்தான். மாப்ள, அதுதான் ஆட்டம்! எந்தச் சாமான் எங்க கெடக்குதுன்னு ரோட்டுலயே தெரியும், நாமதான் பாத்து எடுத்துக்கோணும். முன்னாடி போற கார் என்ன வெச்சிருக்குதுன்னு அது பின்னாடியே தெரியும். தொரத்தி வர்ற குண்டை சரியான நேரத்துல தட்டி வுடலாம். இத்தனை நல்ல ஆட்டம் ஏன் மறைஞ்சுதுன்னு பாத்தா, 2010 மே மாசம் இது வந்த அதே சமயத்துல ஸ்ப்ளிட்/செகண்டுன்னு இன்னொண்ணும் வந்திருக்குது. ரோட்டோரக் கட்டடத்தையே வெடிக்க வெச்சு எதிராளி மேல சாய்க்கற ஆட்டம். ரெண்டுமே எதிர்பாத்தபடி விக்கலை. அடுத்த வருசமே ப்ளர் செஞ்ச லிவர்பூல் கம்பெனியை ஆக்டிவிஷனும், ஸ்ப்ளிட்/செகண்டைச் செஞ்ச பிரைட்டன் கம்பெனியை டிஸ்னியும் இழுத்து மூடிட்டாங்க. ஆமை ஓடு மட்டும் இன்னும் கோடிக்கணக்குல விக்குது. எனக்கு வவுறு எரியுது.

ஆனா ப்ளரைப் பசங்க முன்னாடி போட்டுப் பாத்தேன், எடுபடலை. என்ற பையன் தொடர்ந்து ஜெயிச்சான். அண்ணன் பையன், ரெண்டாங்கிளாஸ் படிக்கறானே, அவன் ஒரு வார்த்தை பேசாம எந்திருச்சு செருப்பைத் தேடினான். மறுக்கா மரியோவைப் போட்டதும்தான் உக்காந்தான். அதுல ஸ்மார்ட் ஸ்டீயரிங்னு ஒண்ணு இருக்குது, அவன் எப்படித் திருப்பினாலும் வண்டி பள்ளத்துல வுழாது. கடைசியில உருண்டுட்டே வருவான். ஒருநாள் கட்டில்ல ரெண்டு பேரும் முட்டிக்கு முட்டி உக்காந்திருக்கறாங்க, சின்னவன் கட்டத்துல அந்த நீலச் சனியன் வந்து நின்னுது. உடனே வுடலை. திரும்பி அண்ணன்காரன் மூஞ்சியைப் பாத்தான். நாக்கைக் கடிச்சுட்டு, கடைசி வளைவு வர்ற வரைக்கும் பொறுத்திருந்து அமுக்கினான். என்ற பையன் கண்ட்ரோலரை மெத்தையில வீசிப்போட்டு வெளிய போய்ட்டான். சின்னவன் வந்தது எட்டாவது எடம். ஆனா அவன் சிரிச்ச சிரிப்பு இருக்குதே மாப்ள! அது இல்லைன்னா அவன் மதிலைத் தாண்டி எங்க ஊட்டுக்கு வரமாட்டான்.

மதிலைத் தாண்டின்னு ஏன் எழுதறேன்னா, வாசல் வழியா வர்றதில்லை. அண்ணனும் நானும் பேசறதில்லைங்கறது உனக்குத் தெரியும். கெணத்து முறையில மோட்டார் போடற தகராறு. போன வாரம் அண்ணன்கிட்ட இருந்து வக்கீல் நோட்டீஸ் வந்திருக்குது. பதிவுத் தபால்ல. நடுவுல ஒரு மதில்தான், அங்க இருமினா இங்க கேக்குது. நேர்ல வந்து நாலு வார்த்தை திட்டியிருந்தா நானும் நாலு திட்டியிருப்பேன், அம்மா நடுவுல வந்து ரெண்டு பேரையும் வெரட்டியிருக்கும். இந்தக் காகிதத்தை வெச்சுட்டு நான் யார்கிட்டப் போய்ச் சண்டை போடறது? அம்மாகிட்ட இன்னும் சொல்லலை. பசங்களுக்கும் தெரியாது. தெரிஞ்சா சின்னவனை அனுப்பமாட்டாங்களோன்னுதான் வெசனமா இருக்குது.

அண்ணன் உன்ற பேச்சை மட்டும்தான் கேக்கும், அன்னைக்கும் அப்படித்தான். மாரியம்மன் நோம்பிக்கு நீ வர்றே. ஒறம்பரை மாதிரி ஒரு வேளை தின்னுட்டு ஓடற சோலி வேண்டாம், ரெண்டு நாள் இரு. மொத அங்க போய்க் காப்பி குடி, அப்பறம் இங்க வா. பதிலுக்கு வக்கீலைப் பாக்கறதை அதுவரைக்கும் தள்ளி வெச்சிருக்கறேன். நான் சொல்லி அனுப்பினேன்னு மட்டும் சொல்லிப்போடாதே.

வரும்போது ஒரு கண்ட்ரோலர் வாங்கிட்டு வா, காசு தர்றேன். சின்னவன் வெச்சிருக்கறதுல இடது குச்சி தானா ஒரு பக்கம் இழுக்குது. பழசை வித்த கடைக்காரன் "அப்படித்தாங்க இருக்கும்"னு சொல்லிட்டான்.

இப்படிக்கு,
கட்டையன்