பட்டு வேண்டாம் என்ற பாப்பாவுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதுவது,

இங்கே எல்லாரும் சௌக்கியம். முதலில் இதைச் சொல், ரத்தம் டெஸ்ட் எடுத்தாயா? பால், தயிர், முட்டை எல்லாவற்றையும் விட்டவர்களுக்கு பி12 வைட்டமின் குறைந்துபோகும், கீரையிலும் பருப்பிலும் அது கிடைக்காது, மாத்திரை போட்டுத்தான் ஆகவேண்டும் என்று பாலக்கோட்டு டாக்டரம்மா சொன்னார். கவனிக்காமல் விட்டால் கை கால் மரத்துப்போகுமாம். திரும்பவும் பால் குடி என்று நான் சொல்லவில்லை. மாத்திரை போடு, அவ்வளவுதான்.

உன் ஆயாவுக்கு ஒரு கண் ஆபரேஷன் முடிந்தது. மா நன்றாகப் பூத்திருக்கிறது, இந்தப் பனிக்கு எவ்வளவு நிற்குமோ. தம்பி கல்யாணத்தைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன்.

பட்டு வேண்டாம் என்று நீ போட்ட வீடியோவைச் சித்தி காட்டினாள். கொதிக்கிற தண்ணீரில் பட்டுக்கூடு மிதக்குமே, அது. "ஆரம்பத்துல வர்ற ஷெட்டு நம்ம பட்டுப்புழு ஷெட்டு மாதிரியே இருக்குதே அக்கா" என்றாள். எல்லா ஷெட்டும் ஒரே மாதிரிதான் இருக்கும் என்று சொல்லிவிட்டேன். பொங்கலுக்கு வந்தபோது நீ போனைக் கையில் வைத்துக்கொண்டு ஷெட் வாசலிலேயே நின்றாய். உள்ளே வந்திருக்கலாம்.

புழுவுக்கு வலிக்குமா என்று அதில் கேட்டிருக்கிறாய். உனக்கு முன்னாலேயே எனக்கு அந்த யோசனை உண்டு. புழு மேல் முட்டையிடுகிற ஊசி ஈ வந்து உட்கார்ந்தால் புழு தலையைத் தூக்கி உதறும். ஒன்றும் தெரியாத ஜென்மம் எதற்கு உதறப்போகிறது? பால்புழு நோய் வந்தது தட்டு விளிம்பிலேயே சுற்றிச் சுற்றி வரும். கணுக்கணுவாக வீங்கி, தோல் பளபளவென்று இருக்கும். லேசாகப் பட்டாலும் உடைந்து வெள்ளையாகத் தண்ணீர் வடியும். அதைக் குச்சியால் எடுத்து பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் போடுவேன். இல்லாவிட்டால் மற்றதற்கும் ஒட்டிக்கொள்ளும். என் கையால் கொல்வது அவ்வளவுதான். மற்றதெல்லாம் தருமபுரி மார்க்கெட்டில் கூட்டை ஏலம் எடுத்தவர் அவித்துக் கொல்கிறார். அதைச் சொல்லி நான் தப்பித்துக்கொள்ளப் பார்க்கவில்லை. காசு என் கைக்குத்தான் வருகிறது. உன் காலேஜ் ஃபீஸுக்கும் அதுதான் வந்தது. சொல்லக்கூடாது என்றிருந்தேன், எழுதிவிட்டேன்.

அகிம்சைப் பட்டு என்று ஒன்று இருக்கிறதாமே. ஐதராபாத்தில் குசுமா ராஜய்யா என்பவர், பூச்சி தானாக வெளியே போன பிறகு அந்தக் கூட்டை நூற்று நெய்கிறாராம். நல்ல மனசுதான். ஆனால் முழுக் கூட்டில் கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டருக்கு ஒரே இழையாக வருவது, ஓட்டை விழுந்தால் அப்படி வராது. பஞ்சு போல நூற்கத்தான் முடியும். வெளியே வந்த பூச்சியும் பறக்காது, எதுவும் தின்னாது, சில நாளில் செத்துப்போகும். அத்தனை தலைமுறையாக மனிதன் வளர்த்து வளர்த்து அதை அப்படி ஆக்கிவிட்டான். அது நியாயமா என்று நீ கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

தம்பி வக்கீல் ஆபீஸிலிருந்து வந்து, 1960-ஆம் வருஷத்து மிருகவதைச் சட்டத்தில் மிருகம் என்றால் மனிதனைத் தவிர்த்த எல்லா உயிரும்தான் என்று வாசித்துக் காட்டினான். அப்போ கொசு அடிக்கிறவனை எல்லாம் பிடிப்பார்களா என்று அப்பா கேட்டார். வீட்டில் சிரிப்பு. நீ இருந்திருந்தால் கோபித்துக்கொண்டிருப்பாய்.

உயிர் எல்லாம் ஒன்று என்று நீ சொல்வதில் எனக்குச் சண்டை இல்லை பாப்பா. 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி பக்கம் காளிகவுண்டன்கொட்டாயில் திருட்டுக் கரண்ட் வேலியில் அடிபட்டு மூன்று யானை செத்தபோது நானும் போய் நின்றேன். குட்டி இரண்டு அந்த இடத்தை விட்டுப் போகவே மாட்டேன் என்றன. அன்றைக்கு வீட்டில் சோறு இறங்கவில்லை.

ஆனால் வீடியோவுக்குக் கீழே நீ எழுதியிருந்ததைத் தம்பி படித்துச் சொன்னான். சாதி பார்ப்பதும், ஒரு உயிரை மிருகம்தானே என்று தாழ்த்துவதும் ஒன்றே என்று. அதைத்தான் என்னால் தாண்டிப்போக முடியவில்லை. உன் ஆயா கூலிக்கு வேலை செய்யப் போன வீட்டில் காலையில் பசு மாட்டைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, அதே கையால் ஆயாவுக்குக் கொட்டாங்குச்சியில் தண்ணீர் ஊற்றினார்கள். அந்த வீட்டில் மாட்டுக்கு உயர்ந்த இடம்தான் இருந்தது. நம்மைத்தான் மாட்டுக்குக் கீழே வைத்தார்கள். மிருகத்தை இரக்கத்தோடு நடத்துகிறவன் மனிதனையும் அப்படியே நடத்துவான் என்று நீ எப்படி நம்புகிறாய்? இரண்டுக்கும் வேர் ஒன்றுதான் என்பாய். இருக்கலாம். நீ படித்தவள். புழுவுக்காகப் பேசு, மாட்டுக்காகப் பேசு, நான் தடுக்கவில்லை. ஆயா பட்டதை மட்டும் உதாரணத்துக்கு எடுக்காதே. ஆயா இன்னும் உயிரோடு இருக்கிறாள், அவளைக் கேட்டுவிட்டு எழுது. அந்தக் கொட்டாங்குச்சிக் கதையை என்னிடமே அவள் ஒரே தடவைதான் சொல்லியிருக்கிறாள்.

ஜெர்மனி வரைக்கும் போய்ப் படிக்கிற பெண் நம் வகையறாவில் நீதான். ஊரில் யார் கேட்டாலும் அதைத்தான் சொல்கிறேன். நீ போனில் "ம்", "சரிம்மா" என்று வைத்துவிடுவதை யாரிடமும் சொல்வதில்லை. உடம்பு முடியாமல்தான் பேச மாட்டேன் என்கிறாயோ என்று ஒரு பயம். அதற்குத்தான் டெஸ்ட் எடு என்கிறேன்.

கல்யாணம் வைகாசியில். பெண் வீட்டாருக்குப் பட்டு எடுத்தாயிற்று, அதில் மாற்ற ஒன்றுமில்லை. உனக்கு எடுக்கவில்லை. காட்டன் எடுக்கலாம் என்றால் நிறம் சொல். பந்தியில் உனக்குத் தனியாக நெய் இல்லாமல் சமைக்கச் சொல்லியிருக்கிறேன், பாயசத்துக்குத் தேங்காய்ப்பால். மோருக்குப் பதில் என்ன வைப்பது என்று சமையல்காரர் கேட்கிறார். அதையும், எந்தத் தேதிக்கு டிக்கெட் போடுகிறாய் என்பதையும் தம்பிக்கு அனுப்பு.

இப்படிக்கு,
அம்மா